உங்க டெஸ்ட் தளத்துக்கு தமிழ் தெரியுமா?

மக்களே, ஒரு சின்ன வேலை. சொந்தமா தளம் வச்சிருக்கவங்க மட்டும் செஞ்சா போதும். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா பத்தி ஒரு இடுகை போடுங்க. போட்டுட்டு உங்க தளத்தோட தேடல் பெட்டில "கெளமாரி"ன்னு தேடுங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா இடுகைல இருக்கறது ககரமும் ஔகாரக் குறியும். தேடுறது கெ-யும் ளகரமும். மனுசனுக்கு ஒரே அம்மன், கம்ப்யூட்டருக்கு ரெண்டு அம்மன். "எதுவும் கிடைக்கவில்லை"ன்னு பதில் வந்தா ஆச்சரியப்படாதீங்க.

இது உங்க தளத்துல பல வருசமா இருந்திருக்கும். யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. ஏன்னா தளம் கட்டினவர் "டெஸ்ட் டெஸ்ட்", "ஏபிசிடி", "ஹலோ வேர்ல்ட்"னு ஆங்கிலத்துல அடிச்சுப் பார்த்துட்டு "எல்லாம் ஓகே"ன்னு போயிருப்பார்.

என் கட்சி இதுதான். தமிழ்ல தளம் நடத்துற ஒவ்வொருத்தரும் தன் வீட்டு மெஷின்ல, லினக்ஸ் போட்டு, ஒரு சோதனைத் தளம் வச்சுக்கணும். அதுல தமிழைப் போட்டு உடைச்சுப் பார்க்கணும். ஆங்கிலத்தை மட்டும் போட்டுப் பார்க்கிற சோதனை, தமிழ்த் தளத்துக்கு சோதனையே இல்லை.

"என்னடா இவன், பொட்டி தட்டுற வேலையை நமக்கும் கட்டிவிடப் பார்க்கறான்"னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

உலகமே போட்டுப் பார்த்த ஒரு பரீட்சை

2007 அக்டோபர்ல ஐகேன் அமைப்பு ஒரு காரியம் பண்ணுச்சு. முகவரியோட கடைசிப் பகுதியும் (நம்ம டாட் காம் மாதிரி) ஆங்கிலம் இல்லாத எழுத்துல இருந்தா இணையம் தாங்குமான்னு பார்க்க, 11 சோதனைப் பெயர்களை இணையத்தோட வேர்லயே கொண்டு போய்ச் சேர்த்தாங்க. அரபு, பாரசீகம், சீனத்துல ரெண்டு வகை, ரஷ்யம், இந்தி, கிரேக்கம், கொரியம், இத்திஷ், ஜப்பானியம், அப்புறம் நம்ம தமிழ். தமிழுக்குக் கொடுத்த பெயர் ".பரிட்சை". "உதாரணம்.பரிட்சை"ன்னு உலாவில அடிச்சா ஒரு சோதனைத் தளம் நிஜமாவே திறந்துச்சு. (குறில் போட்டு "பரிட்சை"ன்னு எழுதியிருந்தாங்க. எங்க தமிழ் ஐயா பார்த்திருந்தா ஒரு மார்க்கைக் குறைச்சிருப்பார் :-) )

வேலை முடிஞ்சதும் 2013 அக்டோபர்ல அந்தப் பெயர்களை எடுத்துட்டாங்க. நடுவுலதான் .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் எல்லாம் வந்துச்சு. உலகத்துக்கே முகவரி கொடுக்கிற இடத்துல, தமிழைத் திறந்துவிடுறதுக்கு முன்னாடி தமிழைப் போட்டே சோதிச்சாங்க. நாம பத்து இடுகை இருக்கிற நம்ம தளத்துக்கு அதைச் செய்ய மாட்டோமா?

வீட்டு வழங்கின்னா என்ன, ஏன் லினக்ஸ்?

வெப் சர்வர்னா எங்கேயோ அமெரிக்காவுல குளுகுளு அறைல இருக்கிற மெஷின்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அது ஒரு மென்பொருள், அவ்வளவுதான். உங்க மேசை மேல இருக்கிற மெஷின்லயும் ஓடும். உலாவில 127.0.0.1-ன்னு அடிச்சா "வெளில எங்கேயும் போகாதே, இந்த மெஷினையே கேளு"ன்னு அர்த்தம். நெட் கட் ஆனாலும் தளம் ஓடும். எங்க உத்தமபாளையத்துல மழைக் காலத்துல இதோட அருமை நல்லாவே தெரியும்.

டெபியனோ உபுண்டுவோ போட்ட மெஷின்ல அப்பாச்சி, பிஹெச்பி, மரியாடிபி மூணையும் ரெண்டு மூணு கட்டளைல நிறுவிடலாம். மைஎஸ்கியூஎல், மரியாடிபி ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, பயப்பட வேண்டாம். நிறுவிட்டு உலாவில லோக்கல்ஹோஸ்ட்னு அடிச்சா "இட் வொர்க்ஸ்!"னு ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கத்தை மாத்தி "வணக்கம் உத்தமபாளையம்"னு எழுதினாலே பாதி பயம் போயிடும். தமிழ்லயே படிச்சுக் கத்துக்கணும்னா நித்யா துரைசாமி எழுதின 'எளிய தமிழில்' புத்தகங்கள் கணியம் தளத்துல இலவசமா கிடைக்குது. லினக்ஸுக்கும் உண்டு, மைஎஸ்கியூஎல்லுக்கும் உண்டு.

விண்டோஸ்லயே பண்ணலாமே? பண்ணலாம். ஆனா காசு கொடுத்து வாங்குற ஹோஸ்டிங் பெரும்பாலும் லினக்ஸ்தான். விண்டோஸ்ல படத்தோட பேர் பெரிய எழுத்துல இருந்து, நீங்க சின்ன எழுத்துல கூப்பிட்டாலும் அது பெருந்தன்மையா எடுத்துக் கொடுத்துடும். லினக்ஸ் கொடுக்காது. கேமராவுல இருந்து பெரிய எழுத்து ஜேபிஜியா வந்த திராட்சைத் தோட்டப் படம் வீட்டுல தெரியும், ஹோஸ்டிங்ல ஏத்தினதும் காணாம போகும். அனுமதி விசயமும் அப்படித்தான். லினக்ஸ்ல வெப் சர்வர் தனக்குன்னு ஒரு தனிப் பயனராத்தான் ஓடும். எந்த ஃபோல்டர்ல எழுதலாம், எதுல எழுதக் கூடாதுன்னு நாமதான் சொல்லணும். இதையெல்லாம் ஊருக்கு முன்னாடி கத்துக்கிறதை விட வீட்டுக்குள்ள கத்துக்கிறது நல்லது.

மெஷினுக்குக் காசு? 2011-ல தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சுதே, ஞாபகம் இருக்கா? அதுல சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. டெபியனை வச்சுக் கட்டினதுதான் அது. எங்க பகுதில அந்த லேப்டாப்புங்க நிறைய இப்ப பரண்ல தூங்குது. பேட்டரி போயிருக்கும், ரெண்டு கீ வேலை செய்யாது. பரவாயில்லை. ஒரு ஆள் மட்டும் பார்க்கிற சோதனைத் தளத்துக்கு அது தாராளம்.

உத்தமபாளையத்தை வச்சு ஒரு பரீட்சை

சரி, சோதனைத் தளம் எழுந்தாச்சு. அதுல எதைப் போட்டுப் பார்க்கிறது? லோரம் இப்சம் எல்லாம் வேண்டாம். எங்க பக்கத்து ஊர்ப் பேருங்களே போதும்.

1. நீளம்: உத்தமபாளையம் எத்தனை எழுத்து? உ, த், த, ம, பா, ளை, ய, ம். எட்டு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லிடும். பிஹெச்பியோட பழைய நீளம் பார்க்கிற கட்டளையைக் கேட்டா 36-ன்னு சொல்லும். பல பைட் எழுத்துக்குன்னு இருக்கிற கட்டளையைக் கேட்டா 12-ன்னு சொல்லும். ரெண்டும் பொய் இல்லை. ஒருங்குறில புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. அதனால 12 குறி. யுடிஎஃப்-8 முறைல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அதனால 36. எட்டுன்னு சரியா சொல்ற கட்டளையும் இருக்கு, ஆனா அது தனியா நிறுவ வேண்டிய இன்ட்ல் நீட்சில இருக்கு. "பெயர் 30-க்குள் இருக்கணும்"னு ஒரு படிவம் சொன்னா எந்த முப்பதுன்னு கேளுங்க. பைட் கணக்குன்னா எங்க ஊர்ப் பேரே உள்ள நுழையாது.

2. வெட்டு: முகப்புல இடுகையோட முதல் நாலு வரியைக் காட்டி "மேலும் படிக்க" போடுறோம்ல? அந்த வெட்டு 100-வது பைட்ல விழுந்தா 33 குறி முழுசா இருக்கும், 34-வது குறி மூணுல ஒரு பங்கு மட்டும் நிக்கும். கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி ஒண்ணு பார்த்திருப்பீங்களே, அது இந்த அறுந்த எழுத்தோட பிணம்தான். சரி, குறிக் கணக்குல வெட்டினா? அப்பவும் "கம்பம்" கடைசிப் புள்ளியை இழந்து "கம்பம"ன்னு நிக்கலாம்.

3. முகவரி: வேர்ட்பிரஸ்ல இடுகைத் தலைப்பே முகவரி ஆகும். உள்ளுக்குள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறி போட்ட ஒன்பது எழுத்தா மாறும். முகவரிக்கு ஒதுக்கின இடம் 200. கணக்குப் போடுங்க: உத்தமபாளையம் 108, திராட்சை 72, நடுவுல கோடு 1, ஆக மொத்தம் 181. "உத்தமபாளையம் திராட்சை விலை"ன்னு மூணு வார்த்தைத் தலைப்பு வச்சா கடைசி வார்த்தைல "வி" மட்டும்தான் மிஞ்சும். விலை போயிடும்! ஆங்கிலத்துல இதே நீளத் தலைப்புக்கு ஒண்ணும் ஆகாது.

4. ரெண்டு கோம்பை: உத்தமபாளையத்துக்குப் பக்கத்துல கோம்பை. இந்த "கோ"வை ககரம், ஓகாரக் குறின்னும் எழுதலாம். ககரம், இரட்டைக் கொம்பு, துணைக்கால்னு மூணு துண்டாவும் எழுதலாம். ரெண்டும் சமம்னு ஒருங்குறி சொல்லுது. ஆனா சேமிக்கும்போதும் தேடும்போதும் ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரணும். அந்த வேலை நம்முது. கௌமாரி கதை இதை விட மோசம். ஔகாரக் குறியும் கொம்பு-ளகரமும் ஒருங்குறிக்கே வேற வேற. நாமதான் விதி எழுதணும். கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் மாத்தினா "தெளிவு" தெளிவில்லாம போயிடும், அதையும் கவனிக்கணும்.

5. வரிசை: அகராதில அம்மா முன்னாடி, அமுதா பின்னாடி. குறியெண் வரிசைல அமுதா முன்னாடி வந்துடுவாங்க. ஏன்னா ஒருங்குறில புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னாடி உக்காந்திருக்கு. னகரமும் நகரத்துக்கு அடுத்தே வந்துடும், நமக்கோ அது மெய்யெழுத்துல கடைசி. தமிழ் வரிசை தெரிஞ்ச ஒப்பீட்டு முறையைக் கேட்டு வாங்கணும். கேட்காம கிடைக்காது.

6. நாலு பைட்: பழைய மைஎஸ்கியூஎல்ல "யுடிஎஃப்8"னு பேர் வச்சது மூணு பைட்டைத்தான் தாங்கும். தமிழுக்குச் சரியாப் போச்சு. ஆனா யாராவது "அருமை"ன்னு எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுட்டு மேல நாலு வரி எழுதினா, பொம்மைல இருந்து கடைசி வரைக்கும் எல்லாம் அப்படியே கழண்டு விழும். நாலு பைட்டுக்கு வழி 2010-ல 5.5.3 பதிப்புலதான் வந்துச்சு. பொம்மைக்கு மட்டும்தானேன்னு நினைக்காதீங்க. 2019-ல ஒருங்குறி 12.0-ல நம்ம பழைய பின்னக் குறிகள், முந்திரி, காணி, மாகாணி எல்லாம் சேர்ந்துச்சு. அதுங்களும் நாலு பைட்தான். தாத்தா காலத்து நிலக் கணக்கை யாராவது தளத்துல ஏத்த நினைச்சா முதல்ல இங்க இடிப்பாங்க.

கேள்விக்குறி ஆன பாட்டுகள்

இதெல்லாம் பொழுதுபோகாதவன் வேலைன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விசயம்.

எங்க ஊர்ப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருத்தர். பேர் வேண்டாம். வயல்ல நடவு நடுற பொம்பளைங்க பாடுற பாட்டு, கும்மிப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரின்னு பல வருசமா கேட்டு எழுதி, ஒத்தை விரல்ல தட்டி, தனக்குன்னு ஒரு தளத்துல போட்டு வச்சிருந்தார். நோட்டுல எழுதினதைத் தட்டி முடிச்சதும் நோட்டைப் பத்திரப்படுத்தலை. நெட்ல இருக்கேன்னு நம்பினார். ஒரு நாள் ஹோஸ்டிங்காரங்க பழைய மெஷின்ல இருந்து புது மெஷினுக்கு மாத்தினாங்க. மெனு வந்துச்சு, படம் வந்துச்சு, ஆங்கிலத் தலைப்பு வந்துச்சு. "வேலை முடிஞ்சது"ன்னு மெயிலும் வந்துச்சு. பாட்டு இருந்த இடத்துல எல்லாம் வரிசையா கேள்விக்குறி.

அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினப்ப ஆறு மாசம் ஓடியிருந்துச்சு. பழைய மெஷினை அழிச்சுட்டாங்க. காப்புப் பிரதின்னு கொடுத்ததும் மாத்தினதுக்கு அப்புறம் எடுத்தது. அதுலயும் கேள்விக்குறி.

இங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு பாடம் இருக்கு. தமிழ் உடையறதுல மூணு நிலை. கட்டம் கட்டமா தெரிஞ்சா அநேகமா எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்து பத்திரமா இருக்கு. வாலு முளைச்ச ஐரோப்பிய எழுத்துங்க குப்பையா தெரிஞ்சா தப்பான முறைல படிக்கப்படுது. பைட் உள்ள இருக்கு, பெரும்பாலும் மீட்டுடலாம். ஆனா தரவுத்தளத்துக்குள்ளயே கேள்விக்குறி விழுந்திருந்தா கதை முடிஞ்சுது. தமிழ் தெரியாத எழுத்துமுறைல டேபிள் இருந்தா, பழைய மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, சத்தம் போடாம சேமிச்சுடும். மைஎஸ்கியூஎல் பிறந்தது சுவீடன்ல. அதனால 5.7 பதிப்பு வரைக்கும் நாம எதுவும் சொல்லலைன்னா அது எடுத்துக்கிட்டது லத்தீன் எழுத்தும் சுவீடிஷ் அகரவரிசையும். 2018-ல 8.0 வந்தப்பதான் நாலு பைட் யுடிஎஃப்-8 இயல்பா ஆச்சு. நடவுப்பாட்டை சுவீடிஷ்ல எப்படி வரிசைப்படுத்துறது, சொல்லுங்க.

அந்தத் தரவை ஒரே ஒரு தடவை ஒரு வீட்டு மெஷின்ல ஏத்தி, ஒரே ஒரு பாட்டைத் திறந்து பார்த்திருந்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சிருக்கும். பாடினவங்கள்ல பாதிப் பேர் இப்ப உயிரோட இல்லை. திரும்பப் போய்க் கேட்க ஆள் கிடையாது.

"ஆனா..."ன்னு இழுக்கறவங்களுக்கு

"இலவசமாவே எல்லாரும் இடம் கொடுக்கறாங்களே, நமக்கு எதுக்கு வீட்டுல ஒண்ணு?" இப்படித்தான் ஜியோசிட்டீஸ்ல பக்கம் வச்சிருந்தவங்களும் இருந்தாங்க. 2009 அக்டோபர் 26-ல யாஹூ அதை மூடிடுச்சு. வீட்டுல பிரதி வச்சிருந்தவங்க வேற இடத்துக்குக் குடி போனாங்க. அடுத்தவர் நிலத்துல குடிசை போடலாம், தப்பில்லை. விதைநெல்லு நம்ம வீட்டுல இருக்கணும்.

"கிளவுட்ல கத்துக்கலாமே?" கத்துக்கலாம். ஆனா பல இடத்துல நுழையறதுக்கே கார்டு கேப்பாங்க. காலேஜ் படிக்கிற பையன் எங்க போவான்? அதோட, பில் வருமோங்கிற பயத்தோட எதையும் உடைச்சுப் பார்க்க முடியாது. உடைக்காம இந்தத் தொழில் வராது.

"இப்பதான் ஏஐ எல்லாத்தையும் எழுதித் தருதே?" தருது, நானும் ஆபீஸ்ல தினம் பயன்படுத்தறேன். ஆனா கோம்பைல ரெண்டு கோ இருக்குன்னு நீங்க கேட்டாத்தான் அது யோசிக்கும். கேள்வி ஊர்க்காரன்கிட்ட இருந்துதான் வரணும்.

வீட்டுத் தளம் எல்லாத்தையும் சொல்லிடாது, அதையும் ஒத்துக்கறேன். ஆயிரம் பேர் ஒரே நேரத்துல வந்தா தாங்குமான்னு அது சொல்லாது. அடுத்தவர் ஃபோன்ல எந்த எழுத்துரு இருக்குன்னும் சொல்லாது. ஆனா வீட்டு வைஃபைல லேப்டாப்போட 192.168-ல ஆரம்பிக்கிற முகவரியை உங்க ஃபோன்ல, அம்மா ஃபோன்ல, பக்கத்து வீட்டு அண்ணன் ஃபோன்ல திறந்து பார்க்கலாம். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

இன்னொண்ணு, சோதனைத் தளத்துக்குப் பேர் வைக்கும்போது ஆங்கிலத்துல "டாட் டெஸ்ட்"னு முடிங்க. 1999-லயே அதைச் சோதனைக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காங்க, யாரும் விலைக்கு வாங்க முடியாது. "டாட் டெவ்"னு வச்சிருந்தவங்க 2017 டிசம்பர்ல குரோம் 63 வந்ததும் தவிச்சாங்க. அது கூகுளோட சொத்து. பாதுகாப்பு இணைப்பு இல்லாம திறக்க மாட்டேன்னு குரோம் கதவைச் சாத்திடுச்சு.

முடிவா ஒண்ணு. கடவுச்சொல்லும் கட்டளையும் மறந்தா தேடிக்கலாம். தமிழ் ஒரு தடவை கேள்விக்குறி ஆச்சுன்னா எந்தக் கட்டளையும் திருப்பித் தராது. இந்த வாரக் கடைசில பரண்ல இருந்து அந்த லேப்டாப்பை இறக்குங்க. உங்க தளத்தோட காப்புப் பிரதியை அதுல ஏத்திப் பாருங்க. முகப்பைப் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. பழைய இடுகை ஒண்ணைத் திறந்து கடைசி வரி வரைக்கும் படிங்க.

டிஸ்கி: கோம்பை, கௌமாரி, உத்தமபாளையம் மூணும் எங்க ஊர்ச் சரக்கு, தாராளமா எடுத்துக்கங்க. உங்க ஊர்ப் பேர்ல எது உடைஞ்சுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, பட்டியலைச் சேர்த்துக்கிட்டே போவோம். ஔவையாரை எத்தனை விதமா தட்டலாம்னு ஆரம்பிச்சா இன்னொரு இடுகை தேவைப்படும் :-)